ஊத்தயும் ஊத்தாவும்

மலையாளத்தில் ‘ஊத்த’ என்றொரு சொல் வழங்குகிறது. வைகாசி முடிவில் தென்மேற்குப் பருவமழையின் முதற்பெருக்கு ஆற்றில் இறங்கும்போது, சினை முற்றிய மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, ஓடைகளின் வழியே நெல்வயல்களுக்குள் புகுந்து முட்டையிடும். அந்த ஏற்றத்துக்கும் ஏறிவரும் மீன்கூட்டத்துக்கும் பெயர் ஊத்த. தமிழில் ‘ஊத்தா’ என்பது வேறு. அது மீன் பிடிக்கும் மூங்கிற்கூடை. ஊற்றால் என்பதன் பேச்சு வடிவம். காற்று காத்தாவதும் சோற்றுப்பானை சோத்துப்பானையாவதும் போல, ஊற்றால் ஊத்தாவாகிவிட்டது. மலையாளம் அதே கூடையை ‘ஒற்றால்’ என்று றகர ஒலியோடு வைத்துக்கொண்டிருக்கிறது. ஜெயராஜ் இயக்கிய ‘ஒற்றால்’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அச்சொல் பழக்கமானதாக இருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் தமிழின் ‘ஊத்தை’ வேறு நிற்கிறது. அழுக்கு என்பது அதன் பொருள். ‘ஊத்தக்குப் போகிறோம்’ என்று பாலக்காட்டுப் பிள்ளைகள் குதித்தபோது, அழுக்கில் புரளப் போகிறார்களாக்கும் என்று பொள்ளாச்சி உறவினர்கள் சிரித்ததுண்டு. ஓரளவுக்கு அதுவும் சரியே.

இக்கட்டுரையின் குடும்பம் ஊத்தயிலிருந்து ஊத்தாவுக்கு மாறிய குடும்பம். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று தலைமுறையும் ஓரிடத்தில் கூடி, மூன்று நான்கு நாள் வெளியிலேயே தங்கி, மீன் பிடித்துச் சமைத்து உண்ணும் வழக்கம் அவர்களுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. அந்த வழக்கம் ஒரே ஓர் ஆண்டில் பருவம் மாறியது. மாறியதற்குக் குடும்பம் ஒரு காரணத்தைச் சொல்கிறது. காரணம் அதுவன்று.

குடும்பத்தின் வீடு கொழிஞ்சாம்பாறையில். கூடும் இடமான களம் கொல்லங்கோட்டுக்கு மேற்கே, காயத்திரிப்புழையில் சேரும் ஓர் ஓடையின் கரையில். களம் என்றால் அப்பக்கத்தில் நெல் அடிக்கும் தளம் மட்டுமன்று. வயலோடு சேர்ந்த பண்ணைவீட்டுக்கும் அதுவே பெயர். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தது இடுக்கி மாவட்டத்து மறையூரில், கரும்புக்காடு உள்ள வீட்டில். கொழிஞ்சாம்பாறை கொச்சி சமஸ்தானத்தின் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது, கொல்லங்கோடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது, மறையூர் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 முதல் மூன்றும் ஒரே மாநிலம். ஆயினும் மகள் தாய்வீடு வருவதற்கு வழி தமிழ்நாட்டின் ஊடாகத்தான். மறையூரிலிருந்து சின்னாறு இறங்கி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி கடந்து, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாக மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். கேரளத்துக்குள்ளேயே வருவதென்றால் மூணாறு, அடிமாலி, கோதமங்கலம், திருச்சூர் என்று ஒரு நாள் போய்விடும். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லையில் இ-பாஸ் கேட்கப்பட்டபோது ஒருமுறை அந்தச் சுற்றுவழியிலேயே வந்தார்கள். காரின் பின்னிருக்கையில் ஒரு பையன் பதினோரு முறை வாந்தி எடுத்தான் என்பது குடும்பத்தில் இன்றும் எண்ணிக்கை மாறாமல் சொல்லப்படும் செய்தி.

ஆறுகளும் அவ்வாறே. மறையூரின் பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதியாகிக் காவிரியில் கலக்கிறது. கொல்லங்கோட்டின் காயத்திரிப்புழை மேற்கே ஓடிப் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடல் புகுகிறது. ஒரே ஆனைமலைத் தொடரின் இரு சரிவு நீரையும் குடிப்பவர்கள் ஒரே சட்டிக் குழம்புக்காக வந்து சேர்ந்தார்கள்.

குடும்பத்தின் தலைவி ஒருவர் இருந்தார். மகன்வழிப் பேரப்பிள்ளைகள் அவரை ஆத்தா என்றும் மறையூர்ப் பேரப்பிள்ளைகள் அம்மிச்சி என்றும் அழைத்தார்கள். கொங்குத் தமிழ் தந்தையின் தாயையும் தாயின் தாயையும் ஒரே சொல்லில் அடக்குவதில்லை. கூட்டம் கூடிய நாட்களில் ஒரே பெண்மணியை நோக்கி இருதிசையிலிருந்தும் இரு பெயர்கள் வந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் அவர் ஒரே குரலில் பதில் கொடுப்பார். இனி இங்கே அவர் ஆத்தா.

பழைய வழக்கம் இது. மே மாதக் கடைசி வாரத்தில் எல்லோரும் களத்துக்கு வந்துவிட வேண்டும். வந்து, மழைக்குக் காத்திருக்க வேண்டும். நாள் குறிப்பதென்பது கிடையாது. வானம் குறித்தால் உண்டு. ஜூன் முதல் நாள் பள்ளி திறந்துவிடும் என்பது ஆண்டுதோறும் இருந்த பதற்றம். களத்தின் திண்ணையிலும் வைக்கோற்போருக்கு அருகில் கட்டிய தார்ப்பாய்க்கு அடியிலும் படுக்கை. காத்திருக்கும் நாட்களில் மீன் கூடாது. காசு கொடுத்து வாங்கிய மீன் களத்து அடுப்பில் ஏறக் கூடாதென்பது ஆத்தாவின் மாமியார் காலத்து விதி. எனவே மட்டை அரிசிக் கஞ்சி, கொள்ளுப் பருப்பு, மாங்காய் ஊறுகாய், மீண்டும் கஞ்சி. மறையூரார் கொண்டுவரும் உருண்டை வெல்லத்தைப் பிள்ளைகள் கஞ்சிக்குக் கடித்துக்கொள்வார்கள். கையால் பிடித்த விரல் தடம் மேலே தெரியும் அந்த வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இக்களத்தில் அதற்குக் களவுபோகும் தகுதி கிடைத்திருந்தது.

மழை பிடித்த மாலையில் முதலில் நடப்பது மீன்பிடியன்று, குழம்பு கூட்டுதல். மல்லி, மிளகு, சீரகம், வரமிளகாய் ஆகியவற்றை வெறுஞ்சட்டியில் வறுத்து, சின்ன வெங்காயத்தோடும் காந்தல்லூர்ப் பூண்டோடும் அம்மியில் அரைப்பார்கள். இவ்வரைப்புச் சாமான்களுக்குக் கொங்கில் ‘செலவு’ என்று பெயர். செலவரைத்துப் புளி கரைத்து மண்சட்டியில் ஊற்றி அடுப்பில் ஏற்றிய பிறகே ஆண்கள் வலையோடு இறங்குவார்கள். மீன் கிடைக்குமா என்பது தெரியாமலே குழம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். கிடைக்காத ஆண்டுகளும் உண்டு. அப்போது அந்தக் குழம்பே, மீனில்லாமல், மீன்குழம்பு என்ற பெயரோடு பரிமாறப்படும். ‘மீனு எங்கே?’ என்று யாரும் கேட்பதில்லை என்பதும் வழக்கத்தில் சேர்ந்தது.

மறையூர் மகள் பிற்காலத்தில் குடம்புளியைக் கொண்டுவரத் தொடங்கினார். அண்டை வீட்டில் கோட்டயத்திலிருந்து குடியேறிய குடும்பம் இருந்தது, அவர்களிடம் கற்றது. புளிக்குப் பதில் குடம்புளி போட்டால் குழம்பு மறுநாளும் கெடாது, மூன்றாம் நாள் இன்னும் சுவைக்கும் என்பது அவர் வாதம். மூன்றாம் நாள் வரை மீந்திருக்கும் குழம்பு குழம்பே அன்று என்பது ஆத்தாவின் தீர்ப்பு. இரண்டு சட்டிகள் ஏறின. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஊத்தயைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். நகரத்துப் படிப்பாளிகளுக்கு அது வெறும் மீன்பிடிப்பாகத் தோன்றலாம். குறுவ, பரல் போன்ற சிறுகெண்டைகள், முஷி, காரி, ஆற்றுவாளை முதலியன கோடை முழுதும் ஆற்றுமடுக்களில் அடங்கிக் கிடந்து, முதல் வெள்ளத்தின் கலங்கலை உணர்ந்தவுடன் மேலேறும். வயலின் கணுக்கால் நீர் வெதுவெதுப்பானது. பெரிய மீன்கள் துரத்தி வராதது. புழுவும் பூச்சியும் நிறைந்தது. குஞ்சு பொரிந்து வளர அதைவிட நல்ல தொட்டில் இல்லை. முட்டையிட்டபின் தாய்மீன் ஆற்றுக்குத் திரும்பும். ஆனால் ஏறும்போது அது வயிறு புடைத்து மந்தமாக இருக்கும். அரிக்கன் விளக்கின் ஒளியில் கையாலேயே அள்ளலாம். ஒரு மீனைப் பிடிப்பது அதன் ஆயிரக்கணக்கான முட்டைகளையும் பிடிப்பதாகும். இக்காரணத்தால் 2010ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம் இதைத் தடை செய்தது. இன்று ஊத்த பிடித்தால் அபராதமும் சிறையும் உண்டு.

பிடிபடும் மீனில் பெரும்பகுதி சினைமீன் என்பதால், களத்தின் சிறப்புணவும் சினையாகவே இருந்தது. தமிழில் ‘சினை’ பல பொருள் ஒருசொல். மீன்முட்டையும் சினை, கருவுற்ற பசுவும் சினைமாடு, மரக்கிளையும் சினை. இலக்கணத்தில் முழுப்பொருள் முதல், அதன் உறுப்பு சினை. மலையாளத்தார் மீன்முட்டைக்குப் ‘பரிஞ்ஞில்’ என்பார்கள். அச்சொல்லுக்கு இத்தனை சுமை இல்லை. மஞ்சளும் மிளகும் நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்துப் பிசைந்த சினையை வாழையிலையில் பொதிந்து, தணலுக்கு அருகே வைத்துச் சுடுவார்கள். இலை கருகி மணம் எழும்போது எடுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் உள்ளே மணல்போல் உதிர்ந்துவிடும்.

அந்தப் பொதி எல்லோருக்கும் உரியதன்று. வீட்டில் கருவுற்றிருப்பவளுக்கு முதற்பொதி. அடுத்தது, மணமாகி வந்து இன்னும் பிள்ளை பெறாதவளுக்கு. மணமாகாத பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஆண்களுக்கு மீந்தால் உண்டு. மறையூர் மகள் தம் இரு பேறுக்கு முன்னும் அதை உண்டிருக்கிறார். ஆத்தா தம் மாமியார் கையால் உண்டிருக்கிறார். அதில் அன்பு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கூட்டத்தின் நடுவே, அனைவரும் பார்த்திருக்க, முதியவள் ஒருத்தி இளையவள் ஒருத்திக்கு வைக்கும் ஓர் இலைப்பொதி. அதை வாங்குபவள் சிவந்துபோவாள். மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

2007இல் இளைய மகனுக்கு மணமானது. மருமகள் அரசுப் பள்ளி ஆசிரியை. 2008 ஊத்தயில் அவருக்கு முதற்பொதி கிடைத்தது, சிவந்துபோனார், கேலியும் நடந்தது. 2009இலும் கிடைத்தது. 2010, 2011, 2012, 2013 என்று ஒவ்வோர் ஆண்டும் கிடைத்தது. கேலி எந்த ஆண்டில் நின்றது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு கட்டத்தில் பொதி கைமாறும் வேளை வந்தவுடன் பேச்சு அடங்கத் தொடங்கியது. அந்த அமைதி கேலியைவிடக் கனமானது. அன்பாகத் தொடங்கிய ஒன்று எந்த ஆண்டில் விசாரணையாக மாறியது என்பதைக் கொடுத்தவரும் அறியார். வாங்கியவர் அறிந்திருப்பார்.

2014இல் மழை தாமதித்தது. பருவமழை கேரளத்தைத் தொட்டது ஜூன் 6ஆம் நாள். பள்ளி திறந்த பின்னும் மறையூரார் திரும்பாமல் காத்திருந்தார்கள். ஆசிரியை மட்டும் நாள்தோறும் பள்ளிக்குப் போய்வந்து, சனிக்கிழமை களத்தில் சேர்ந்துகொண்டார். அந்த வசந்தத்தில் கோயம்புத்தூரில் அவர் எடுத்துக்கொண்ட சிகிச்சை பலிக்கவில்லை. கணவரைத் தவிர வேறு எவருக்கும் அது தெரியாது.

மீன் வந்தது. பொதி சுடப்பட்டது. வழக்கம்போல் ஆத்தா எடுத்துவந்து, “இந்தா அம்மிணி” என்று நீட்டினார். மருமகள் வாங்கிக்கொண்டார். இலையைப் பிரித்தார். பக்கத்தில் நாத்தனாரின் ஒன்பது வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். சினையென்றால் அவளுக்கு உயிர், ஒருநாளும் கிடைத்ததில்லை, ஒவ்வோர் ஆண்டும் இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மருமகள் பொதியை அவள்முன் வைத்து, “நீ சாப்பிடு கண்ணு. எனக்கு வேண்டாம்” என்றார்.

குரலில் கோபம் இல்லை என்பதைக் கேட்டவர் எல்லோரும் சொல்கிறார்கள். சிறுமி ஒரு விள்ளலை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அதற்குள் பெரியம்மா முறையில் இருந்த ஒருவர் எட்டி அவள் கையைத் தட்டிவிட்டார். சினை மண்ணில் விழுந்தது. சிறுமி அழவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். மருமகள் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். சிறிது நேரம் கழித்து ஆண்கள் வரம்பு உடைந்த கதையைப் பேசத் தொடங்கினார்கள். சாப்பாடு நடந்தது.

அடுத்த தை மாதத்தில் ஆத்தா மறையூருக்குத் தொலைபேசியில் பேசினார். “இனிமே கூட்டத்தை மாசியில வெச்சுக்கலாம். புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கெடுது” என்றார்.

மே மாதக் கடைசி என்பது கோடை விடுமுறை. மாசி என்பது ஆண்டுத் தேர்வுக்குப் பிள்ளைகள் உட்காரும் காலம். ஆத்தா எண்ணத் தெரியாதவர் அல்லர். அந்தக் காரணம் எல்லோருக்கும் பொய் என்று தெரியும்படி இருந்தது. அதனாலேயே எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. ஓரளவு நம்பத்தக்க காரணமாக இருந்திருந்தால் யாரேனும் வாதாடியிருப்பார்கள். மாசியில் ஆறு வற்றியிருக்கும், ஊத்த கிடையாது, ஓடைமீன் சினை கொள்ளும் பருவமும் அன்று. சினை இல்லாத இடத்தில் பொதி இல்லை. பொதி இல்லாத இடத்தில் அதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியும் இல்லை. வழக்கத்தை நிறுத்துகிறேன் என்றோ, மன்னித்துக்கொள் என்றோ ஆத்தா சொல்லவில்லை. மாதத்தை மாற்றினார்.

பின்னாளில் ஊத்த பிடிப்பது குற்றம் என்பது செய்திகளில் அடிக்கடி வரத் தொடங்கியபோது, குடும்பத்துக்கு நல்ல காரணம் ஒன்று கிடைத்தது. இன்று யார் கேட்டாலும், ‘சட்டம் வந்தது, நிறுத்திவிட்டோம்’ என்பார்கள். இளைய தலைமுறை அதைச் சூழலியல் பெருமிதத்தோடே சொல்கிறது. சட்டம் வந்தது 2010இல். அதற்குப் பின்னும் இக்களத்தில் ஊத்த பிடிக்கப்பட்டது. கள ஆய்வுக்குச் செல்வோர், ஒரு வழக்கம் நின்றதற்கு மக்கள் சொல்லும் காரணத்தை நாட்குறிப்போடு ஒருமுறை ஒத்துப்பார்ப்பது நல்லது. சொல்லப்படும் காரணம் பொய்யாக இருப்பதில் வியப்பில்லை. அது யாரைக் காப்பதற்காகச் சொல்லப்படுகிறது என்பதே கேட்கத் தக்கது. இங்கே அது ஒரு பெண்ணைக் காக்கிறது. சட்டத்தைக் காரணமாக்கிவிட்டால், 2014ஆம் ஆண்டின் அந்த இரவை யாரும் நினைவுகூர வேண்டியதில்லை.

மாசிக் கூட்டம் முற்றிலும் வேறு வகையானது. களத்துக்குச் சொந்தமான குளம் ஒன்று உண்டு. மாசியில் அதன் மிச்ச நீரை மோட்டார் வைத்துத் தென்னைக்கு இறைத்துவிடுவார்கள். முழங்கால் அளவு சேறும் கலங்கலும் எஞ்சும்போது ஊத்தாவோடு இறங்க வேண்டும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி விளங்கும். அங்கே ஊர்ப்பெரியவர் துண்டை வீசியதும் ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள். இங்கே முப்பது பேர். கூடை கூம்பு வடிவம். அடிவாய் அகலம், மேல்வாய் ஒரு கை நுழையும் அளவு. சேற்றில் அதை அழுத்தி அழுத்தி நடந்தால், உள்ளே சிக்கிய மீன் மூங்கிற்சிம்பில் மோதும் அதிர்வு கைக்குத் தெரியும். அப்போது மேல்வாய் வழியே கையைவிட்டுத் துழாவ வேண்டும். விரால் என்றால் வழுக்கும். தேளி என்றால் முள் தைத்து இரவெல்லாம் கடுக்கும். வலையைப் போல ஊத்தாவுக்கு வலிமையோ இரவுக்காவலோ வேண்டாம். எனவே பெண்களும் பிள்ளைகளும் முதன்முறையாகத் தண்ணீரில் இறங்கினார்கள். ஊத்தக் காலத்தில் அவர்கள் அடுப்பை விட்டு அகன்றதே இல்லை.

குளத்தில் மிகுதியாகக் கிடைப்பது ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இது. ஆப்பிரிக்காவின் த்ஸ்வானா மொழியில் மீன் என்று மட்டுமே பொருள்படும் சொல் அறிவியல் இலத்தீனுக்குள் போய்த் திலாப்பியா ஆகி, தமிழ்நாட்டில் இனிப்புப் பண்டத்தின் பெயரை எடுத்துக்கொண்டது; கேரளத்தில் சிலோப்பி, பிலோப்பி என்று திரிந்தது. இக்களத்தில் இரு பெயரும் ஒரே வாக்கியத்தில் வரும். பெண்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் இனம் அது. கூடையில் சிக்கிய மீன் வாயைத் திறந்து ஒரு கொத்துக் குஞ்சைத் துப்பியதைக் கண்டு, ‘மீன் வாந்தி எடுக்குது’ என்று பிள்ளைகள் கத்தினார்கள். பதினோரு முறை வாந்தி எடுத்த பையனை அப்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊத்தாக்களைப் பின்னிக்கொடுத்தவர் களத்தில் நெடுங்காலம் வேலைசெய்த முதியவர். பழைய காலத்தில் முதல் மீன் அவருக்கு என்பது வழக்கம். குடும்பம் அதைப் பெருமையாகச் சொல்லும். அந்த முதல் மீனோடு அவருக்குச் சோறு போடப்பட்ட இலை பலாமரத்தடியில், தனியே, பந்திக்கு முப்பதடி தள்ளிப் போடப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. மாசிக் கூட்டம் தொடங்கி இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, தலை முதல் கால்வரை சேறு பூசிய பிள்ளைகள் கிணற்றடியில் கழுவிக்கொண்டு ஒரே வரிசையாக வந்து அமர்ந்தபோது, அவ்வரிசையில் முதியவரின் பேத்தியும் இருந்தாள். இலை போட்டுக்கொண்டே வந்த மருமகள் அவளுக்கும் போட்டார். அடுத்த ஆண்டு முதியவர் திண்ணையில் உண்டார். அதற்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. பலாமரத்தடியில் எறும்புப் புற்று வந்துவிட்டதாம்.

ஆத்தா 2019இல் காலமானார். மருமகளும் அவரும் அந்த இரவைப் பற்றி ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. மருமகளுக்குப் பின்னர் பிள்ளை பிறந்ததா என்று வாசிப்பவர்களுக்குக் கேட்கத் தோன்றலாம். அந்தக் கேள்வியிலிருந்து அவரைத் தள்ளிவைப்பதற்காகத்தான் ஒரு குடும்பம் தன் நாட்காட்டியை மாற்றிக்கொண்டது. இங்கும் அதைக் கேட்காமல் விடுவதே முறை.

செலவரைப்பது இப்போது மருமகள் பொறுப்பு. 2024 மாசியில் நான்கு விரால்கள் கிடைத்தன. ஒன்று மிகப் பெரிது. முதியவரின் மகள் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய விராலின் வயிற்றைக் கீறியதும் உள்ளே இரு சரடாய் மஞ்சள் சினை இருந்தது. குளத்து விராலுக்குப் பருவம் அத்தனை கண்டிப்பானதன்று. அவர் அதை அலசி ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் அடுப்பருகே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அடுப்பைச் சுற்றி நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். 2014இல் ஒன்பது வயதாக இருந்தவள் இப்போது உடுமலையில் கல்லூரியில் படிக்கிறாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்று கையைத் தட்டிய பெரியம்மாவும் இருந்தார். முழங்கால் வலியால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். தணல் தயாராகவே இருந்தது. பொதிவதற்கு இலையும் இருந்தது.

மருமகள் சினையை எடுத்துக் கையால் நசுக்கிப் பிசைந்தார். சரடு பிரிந்து மணிமணியாக உதிர்ந்தது. கொதித்துக்கொண்டிருந்த இரு சட்டியிலும், புளி போட்டதில் ஒரு பிடி, குடம்புளி போட்டதில் ஒரு பிடி என்று போட்டு, அகப்பையால் நன்றாகக் கலக்கிவிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, கறிவேப்பிலை கேட்டார்.

பந்தி உட்கார்ந்தது. மறையூர் மாமா முதற்கவளத்தை வாயில் வைத்துவிட்டு நிறுத்தினார்.

“குழம்புல என்னமோ மணலாட்டம் கடிபடுதே?”

“சினைங்க அண்ணா. கரைஞ்சு போச்சு” என்றார் மருமகள்.

மாமா இன்னொரு கவளம் உண்டுபார்த்தார். சோறு போடச் சொன்னார்.